பரிபாடல் 11: வையை விழாவில் மூன்று நிலவுகள்

பரிபாடலின் பதினோராம் பாடல் வையை ஆற்றைப் பற்றியது. பாடியவர் நல்லந்துவனார். பாடலின் தொடக்கத்தில் வரும் கோள்நிலை காரணமாக இது தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் அடிக்கடி பேசப்படுகிறது. சங்க நூல்களின் காலத்தைக் கணிக்க விரும்பியவர்கள் அந்தச் சில அடிகளையே திரும்பத் திரும்ப எடுத்து ஆராய்ந்தார்கள். அதற்குப் பின்வரும் நூற்றுக்கும் மேற்பட்ட அடிகளை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அந்த அடிகளிலும் நிலவு இரண்டு முறை வருகிறது. மூன்று இடங்களையும் சேர்த்துப் படித்தால் இப்பாடலின் அமைப்பு தெளிவாகும். வானம் இங்கே ஆண்டைக் குறிக்க வரவில்லை, மழையைக் கேட்க வருகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பாடலும் களமும்

பரிபாடல் எட்டுத்தொகையுள் ஒன்று. மொத்தம் 70 பாடல்கள் இருந்ததாக மரபு சொல்கிறது. முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றில் திருமாலுக்கு 6, செவ்வேளுக்கு 8, வையைக்கு 8. உ. வே. சாமிநாதையர் 1918-இல் பரிமேலழகர் உரையோடு இந்நூலைப் பதிப்பித்தார். பாடல்களின் கீழே பாடியவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணும் குறிக்கப்பட்டிருப்பது இந்நூலின் தனிச்சிறப்பு. பதினோராம் பாடலின் பண் பாலையாழ். நல்லந்துவனார் இந்நூலில் 6, 8, 11, 20 ஆகிய நான்கு பாடல்களைப் பாடியிருக்கிறார். பழைய குறிப்பு அவரை ‘ஆசிரியன்’ என்ற அடைமொழியோடு சுட்டுகிறது.

பாடலின் களம் மதுரைக்கு அருகே வையைக் கரையில் உள்ள சோலையும் துறையும். மருத மரங்கள் நின்ற அத்துறைக்குத் திருமருதமுன்றுறை என்று பெயர். புதுப்புனல் வந்த செய்தி கேட்டு நகரமே அங்கே கூடுகிறது. ஆடவரும் மகளிரும் நீராடுகிறார்கள். மாலை சூடுகிறார்கள், ஊடுகிறார்கள், கூடுகிறார்கள். ஆறும் பொழிலும் சேர்ந்த இந்தத் தோட்ட விழாவை எட்டு வையைப் பாடல்களும் பாடுகின்றன. வானத்தில் தொடங்கி விழாவுக்கு இறங்கி வருவது பதினோராம் பாடலின் தனித்தன்மை.

முதல் நிலவு: பாம்பு மறைத்த மதி

பாடலின் முதல் பகுதி ஒரு வானப் பட்டியல். இருபத்தேழு நாள்மீன்களும் மூன்று வீதிகளாகப் பகுக்கப்படுகின்றன. அவற்றினூடே கோள்கள் நிற்கும் இடங்கள் சொல்லப்படுகின்றன. வெள்ளி இடபத்தில், செவ்வாய் மேடத்தில், புதன் மிதுனத்தில், வியாழன் மீனத்தில், சனி மகரத்தில். புலரும் விடியலில் கார்த்திகை உயரத்தில் நிற்கிறது. அகத்தியன் பெயர் கொண்ட மீனும் மிதுனத்தைச் சேர்கிறது. பாம்பு மதியை மறைக்கும் நாள் அது, அதாவது சந்திர கிரகணம்.

இவ்வளவையும் புலவர் நேரான பெயர்களில் சொல்லவில்லை. செவ்வாய் நிலத்தின் மகன் ஆகிறது. வியாழன் அந்தணன். சனிக்கு முடவன் என்ற பொருளில் ஒரு பெயரும், அதன் தெய்வமாகிய யமன் பெயரும் வருகின்றன. இடபம் ஏறு, மேடம் வருடை, தனுசு வில். கார்த்திகைக்கு அதன் தெய்வமாகிய அக்கினியின் பெயர். வியாழன் நிற்கும் இடத்தைக்கூட ‘சனியின் இரண்டு வீடுகளுக்கும் அப்பால்’ என்று சுற்றிச் சொல்கிறார். மகரமும் கும்பமும் சனியின் வீடுகள், அவற்றுக்கு அப்பால் மீனம். சோதிடம் அறிந்தவருக்கு இது இனிய விடுகதை. அறியாதவர் உரையின் துணையின்றிப் புகுவது கடினம்.

இந்தப் பட்டியலை வைத்து நாள் குறிக்க முயன்றவர்களில் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை முக்கியமானவர். இந்தியப் பஞ்சாங்கக் கணிதத்தில் பெரும்பணி செய்த அவர் இக்கோள்நிலை கி.பி. 634-இல் அமைந்ததாகக் கணித்தார். இதை ஏற்றால் பரிபாடல் ஏழாம் நூற்றாண்டுக்கு வந்துவிடும். சங்க இலக்கியம் மிகப் பழையது என்று கொண்டவர்களுக்கு இது ஏற்கவில்லை. அவர்கள் வேறு ஆண்டுகளைத் தேடினார்கள். பிற்காலத்தது என்பாரும் முற்காலத்தது என்பாரும் ஒரே அடிகளைப் பிடித்து வழக்காட, பாடல் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்டது.

ஞாயிறு எங்கே நின்றது?

வழக்கில் ஒரு பக்கம் சேர்வதற்கு முன் பட்டியலையே ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. பள்ளி அளவு வானியல் இதற்குப் போதும்.

புலவர் ஞாயிறு நின்ற ராசியை வெளிப்படையாகச் சொல்லவில்லை. விடியலில் கார்த்திகை உச்சியில் நின்றதாகக் கொண்டு, ஞாயிறு சிங்கத்தில் இருந்தது, மாதம் ஆவணி என்று உரைமரபு பொருள் சொல்கிறது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பூமியிலிருந்து பார்க்கும்போது வெள்ளி ஞாயிற்றை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது. புதன் 28 பாகைக்கு மேல் விலகாது. ஒரு ராசி 30 பாகை. ஞாயிறு சிங்கத்தின் தொடக்கத்திலும் வெள்ளி இடபத்தின் முடிவிலும் நின்றதாகக் கொண்டாலும், நடுவே மிதுனமும் கடகமும் முழுதாகக் கிடக்கின்றன. அது 60 பாகை. வானில் அப்படி நிகழாது. புதனுக்கும் இதே நிலைதான். மிதுனத்தில் நிற்கும் புதனுக்கும் சிங்கத்தில் நிற்கும் ஞாயிற்றுக்கும் இடையே கடகம் முழுதும், 30 பாகை, கிடக்கிறது.

இடர்ப்பாடு பாடலில் உள்ளதா, உரையில் உள்ளதா என்பதே கேள்வி. பாடலின் சொல் கார்த்திகை ‘உயர’ நின்றது என்பதோடு நிற்கிறது. உச்சி என்பது நாம் சேர்த்துக்கொண்ட பொருள். உயரத்தில் நின்றது என்று மட்டும் கொண்டால் ஞாயிற்றைக் கடகத்தில் வைக்கலாம். மாதம் ஆடி ஆகும். வெள்ளியும் புதனும் தத்தம் எல்லைக்குள் வந்துவிடும். சந்திர கிரகணம் முழுநிலவில்தான் நிகழும். அன்று ஞாயிறும் திங்களும் எதிரெதிர் ராசிகளில் இருக்கும். ஞாயிறு கடகத்தில் என்றால் திங்கள் மகரத்தில், சனியின் பக்கத்தில்.

இப்படி வைத்துப் பார்த்தால் பட்டியல் ஒரு காட்சியாகிறது. விடியலுக்குச் சற்று முன் மேற்கே மகரத்தில் பாம்பு பிடித்த நிலவும் சனியும் சாய்கின்றன. அவற்றுக்கு மேலே மீனத்தில் வியாழன். தலைக்கு மேல் மேடத்தில் செவ்வாய். அதையடுத்துக் கார்த்திகை. கிழக்கே இடபத்தில் வெள்ளி. அடிவானத்தை ஒட்டி மிதுனத்தில் புதன். கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களும் மேற்கிலிருந்து கிழக்குவரை ஒரே கோட்டில் நிற்கின்றன. கரையில் நின்று தலையைத் திருப்பினால் முழுவதையும் பார்த்துவிடலாம். ஏட்டுக் கணக்குப்போல் தோன்றிய பட்டியல், கண்ணால் காணக்கூடிய ஒரே வானமாக மாறிவிடுகிறது.

கார்த்திகையின் உயரத்தை யாரும் சரிபார்க்கலாம். தமிழ் மாதம் ஞாயிறு நிற்கும் ராசியை ஒட்டியது. ஆகவே ஆடி விடியலில் கார்த்திகை நிற்கும் உயரம் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. மின்விளக்கு குறைந்த ஊர்ப்புறத்தில், டி. கல்லுப்பட்டியைச் சுற்றிய கரிசல் காடுகளைப் போன்ற திறந்த வெளியில், ஆடிக் கடைசியில் விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வந்து பார்த்தால் போதும். கிழக்கு வானில் பாதிக்கு மேல் ஏறி அறுமீன் கூட்டம் தெரியும். தென்கிழக்கே தாழ்வாக அகத்தியன் மீனும் எழுந்திருக்கும். இதைக் கண்டவர்கள் ‘உயர்ந்து நின்றது’ என்று சொல்லத் தயங்க மாட்டார்கள்.

இவ்விளக்கம் ஆண்டைக் குறித்துத் தருவதில்லை. வியாழன் வானைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 29 ½ ஆண்டு. ஆகவே வியாழன் மீனத்திலும் சனி மகரத்திலும் நிற்கும் அமைப்பு சுமார் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். கிரகணமும் மற்றக் கோள்களும் சேர்ந்தால் வாய்ப்புகள் குறையும். ஆனால் ஒரு சொல்லுக்குப் பொருள் மாறினால் ஞாயிறு ஒரு ராசி நகர்கிறது, கணக்கு முழுதும் மாறுகிறது. இத்தகைய அடிகள் மேல் ஒரு நூலின் காலத்தையே ஏற்றி வைப்பது தாங்காது.

மழைக்கான வானம்

பட்டியல் எந்த வினையில் போய் முடிகிறது என்பதைப் பார்த்தால் புலவரின் நோக்கம் விளங்கும். கோள்கள் இப்படி நிற்கும்போது, கோடைக்குப் பின் வரவேண்டிய மழை வந்து பொருந்துக என்று வாக்கியம் முடிகிறது. உடனே சையமலையில் மழை இறங்குகிறது, வையையில் வெள்ளம் வருகிறது. அதாவது இது ஒரு மழைக்குறி. கிரகணம் அச்சமூட்டுவதற்காக வரவில்லை. மறைந்த மதிக்கு அடுத்தே மழை வருகிறது.

சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஆடியில் மதுரைச் சீமையின் பெரும்பகுதி காற்றைத்தான் காணும். மழை மேற்கு மலையில். மலையில் பெய்வதை ஊரில் இருந்து பார்க்க முடியாது, வானத்தைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகே ஊகம் மெய்யாகும். நல்லந்துவனார் இந்த வரிசையைத் தவறாமல் பின்பற்றுகிறார்: முதலில் வானம், பிறகு மலை, பிறகு ஆறு.

வானப் பட்டியல் முடிந்ததும் பூப்பட்டியல் தொடங்குகிறது. மலையில் புன்னாகம், கரையில் சுரபுன்னை, வண்டு மொய்க்கும் சண்பகம், வேங்கை, காந்தள், தீப்போல் மலர்ந்த தோன்றி, காற்று அவிழ்த்த நீலம். அருவி இவற்றை வாரிக்கொண்டு வருகிறது. மேலே மீன்களைப் பெயர் சொல்லி எண்ணியவர் கீழே பூக்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். மேலே உள்ள பட்டியல் அறிவுக்கு, கீழே உள்ளது கண்ணுக்கும் மூக்குக்கும். இரண்டுக்கும் நடுவே மழை. விழா நடக்கும் சோலைக்கு வானத்தோடு உள்ள உறவு இந்த அடுக்கிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. இதைப் பாடலின் மிகச் சிறந்த அமைப்பு உத்தி எனலாம்.

இரண்டாம் நிலவு: வளரும் ஆறு, தேயும் ஆறு

அடுத்து நிலவு உவமையாக வருகிறது. வளர்பிறை நாளுக்கு நாள் நிறைவதுபோல் ஆறு நாளுக்கு நாள் பெருகுகிறது. நிலவொளி நிலத்தில் பரவுவதுபோல் நீர் நிலத்தில் பரவி உலகுக்குப் பயன் தருகிறது. பின் தேய்பிறை. தேவர்கள் மதியின் அமுதை உண்ண உண்ண அது குறையும் என்பது பழைய நம்பிக்கை. அதுபோல் ஆற்றின் வரவும் சுருங்குகிறது. ஆனால் எட்டாம் நாள் மதி அளவுக்கு அது குறையலாமே ஒழிய, அமாவாசை இருள்போல் முற்றும் வற்றியதைக் கண்டவர் யார் என்று புலவர் கேட்கிறார்.

இந்த உவமை இரண்டு வகையில் சிறந்தது. நிலவைப் பெண்ணின் முகத்துக்கு ஒப்பிடுவது நம் கவிதையில் வழிவழியாக வருவது. அங்கே நிலவு அழகின் அளவு. இங்கே அது நீரின் அளவு. ஆற்றின் பெருக்கை நாள் கணக்கில் பார்த்தவர்தான் இதைச் சொல்ல முடியும். அடுத்து, நிலவொளி பரவுவதும் தண்ணீர் பரவுவதும் ஒரே அசைவாகக் காட்டப்படுகின்றன. முதல் பகுதியில் வானத்தில் மறைந்த மதி, இந்தப் பகுதியில் தரையில் ஆறாக வளர்கிறது. இரண்டு பகுதிகளும் தனித்தனியாக ஒட்டப்பட்டவை என்று கருதுவோருக்கு இது போதிய விடை.

புலவரின் கேள்விக்கு அன்றைய கேட்போர் ‘யாரும் இல்லை’ என்று சொல்லியிருப்பார்கள். இன்று அதே கேள்வியை மதுரைப் பாலத்தில் நின்று கேட்டால் விடை வேறு. 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணைக்குப் பிறகு ஆறு திறந்துவிடப்படும் நாட்களில் ஓடுகிறது. சித்திரை முழுநிலவை ஒட்டிக் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் விழாவுக்கும் அணையிலிருந்து தண்ணீர் விடும் வழக்கம் உண்டு. முழுநிலவும் ஆறும் மக்கள் கூட்டமும் இன்னும் ஒன்றுசேர்கின்றன, ஆனால் நீரின் அளவை நிலவு சொல்வதில்லை, மதகு சொல்கிறது. ஒரு பழைய பாடலின் உவமை இன்றைய வாசகருக்கு இப்படி உறுத்துவதும் அதன் உயிரைக் காட்டுகிறது.

மூன்றாம் நிலவு: ஆதிரைத் திங்கள்

நடுப்பகுதியில் நீர்விளையாட்டும் காதலர் பேச்சும் வருகின்றன. அவற்றைக் கடந்ததும் பருவம் மாறிவிடுகிறது. மழை ஓய்ந்து, வெயில் காயாத பனிக்காலம். மார்கழியில் மறு நிறைந்த முழுமதி ஆதிரையோடு சேர்கிறது. அந்தணர் விழாத் தொடங்குகிறார்கள். கன்னிப் பெண்கள் அம்பா ஆடல் என்னும் நோன்புக்காக விடியற்காலையில் நீராடுகிறார்கள். முதிய பெண்கள் முறைமை காட்டுகிறார்கள். குளிர்காற்று வீசுகிறது. ஈர ஆடையை வேள்வித் தீயின் அருகே உலர்த்துகிறார்கள். பிற்காலத்து மார்கழி நோன்புப் பாடல்களுக்கு முன்னோடியாக ஆய்வாளர்கள் இப்பகுதியை மதிப்பதுண்டு.

அந்தப் பெண்கள் வேண்டுவது என்ன? நல்ல கணவன் வேண்டும் என்ற விருப்பமும் பாடலில் உண்டு. ஆனால் நோன்பின் வாசகமாகப் புலவர் முதலில் வைப்பது, இந்த அகன்ற நிலம் வெம்பாமல் இருக்கட்டும் என்பதையே. தொடக்கத்தில் மழை பொருந்துக என்று வானத்தை நோக்கி எழுந்த விருப்பமும், முடிவில் நிலம் வெம்பாதிருக்கட்டும் என்று ஆற்றங்கரையில் எழும் விருப்பமும் ஒன்றே. முதலாவது கோள் அறிந்தவரின் மொழியில், இரண்டாவது பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளும் சொல்லக்கூடிய எளிய மொழியில். முதல் நிலவு மறைந்திருந்தது, கடைசி நிலவு நிறைந்திருக்கிறது.

பாடல் ஏறத்தாழ அரையாண்டைத் தழுவியது என்பதும் இதனால் தெரிகிறது. ஆடியில் தொடங்கித் தையில் முடிகிறது. இதற்கு ஒரே ஒரு தேதியைத் தேடுவது பொருந்தாது.

மதுரையின் மற்ற வானங்கள்

மதுரையோடு தொடர்புடைய வேறு சில பாடல்களிலும் இரவு வானம் உண்டு. நெடுநல்வாடையில் அரசி படுத்திருக்கும் கட்டிலின் மேற்கட்டியில் ராசிகளும், உரோகிணியோடு சேர்ந்த திங்களும் எழுதப்பட்டுள்ளன. பிரியாத அந்த இணையைப் பார்த்து அவள் பெருமூச்சு விடுகிறாள். பரிபாடலின் 19-ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் மக்கள் சுடர்களின் சக்கரத்தைப் பார்த்து அறிந்துகொள்கிறார்கள். இரண்டும் எழுதிய வானங்கள். ஒன்று தனித்திருப்பவளின் துயரத்துக்கு, மற்றது வழிபட வந்தவர்களின் கல்விக்கு.

பரிபாடலின் 10-ஆம் பாடலில், நீராடி முடிந்த மாலையில் நிலவு இருளை அகற்ற மக்கள் கூடல் நகருக்குத் திரும்புகிறார்கள். அங்கே நிலவு ஒரு விளக்கு, காட்சிக்கு அழகு சேர்க்கிறது. புகார் நகரத்து இந்திர விழாவைச் சித்திரைத் திங்களும் சித்திரை மீனும் கூடிய நாளில் தொடங்குகிறார் இளங்கோவடிகள். அங்கே நிலவு விழாவின் நாட்குறி. இவற்றோடு ஒப்பிட்டால் பதினோராம் பாடலின் நிலவு அதிகப் பணி செய்கிறது. அது குறியாகவும் அளவாகவும் வேண்டுதலின் சாட்சியாகவும் நிற்கிறது.

குறைகள்

பாடலைப் போற்றும்போது குறைகளை மறைக்க வேண்டியதில்லை. தொடக்கப் பகுதியின் மறைபெயர்கள் அளவுக்கு மிஞ்சியவை. பாலையாழில் பாடிக் கேட்டவர்களுக்கு ஓசை இன்பம் கிடைத்திருக்கும், ஆனால் எத்தனை பேருக்குப் பொருள் எட்டியிருக்கும் என்பது ஐயமே. நடுப்பகுதியின் நீர்விளையாட்டு வருணனைகளில் கண்ணும் புருவமும் வில்லும் அம்புமாக வழக்கமான உவமைகள் குவிகின்றன. அவற்றை வேறு எந்த வையைப் பாடலுக்கு மாற்றி வைத்தாலும் வேறுபாடு தெரியாது. பருவம் மாறும் இடத்திலும் போதிய முன்னறிவிப்பு இல்லை. வெள்ளத்திலிருந்து பனிக்கு வாசகர் தாவ வேண்டியிருக்கிறது. நிலவு என்ற இழையைப் பிடித்துக்கொண்டால்தான் அந்தத் தாவல் எளிதாகும்.

மதிப்பீடு

வகுப்பறையில் இப்பாடலைச் சொல்லும்போது ‘வானியல் அறிவு’ என்ற தலைப்பில் முதல் பகுதியையும் ‘பாவை நோன்பு’ என்ற தலைப்பில் கடைசிப் பகுதியையும் தனித்தனியே எடுத்துக்காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. தமிழரின் அறிவுப் பெருமைக்கு ஒன்று, சமய வரலாற்றுக்கு ஒன்று என்று பாடல் பங்கு போடப்படுகிறது. அப்போது நடுவில் உள்ள ஆறு காணாமல் போகிறது.

மாணவருக்கு மூன்று நிலவுகளையும் ஒரே வகுப்பில் காட்டலாம். மறைந்த நிலவு, வளர்ந்து தேயும் நிலவு, நிறைந்த நிலவு என்று கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்தால் பாடலின் படம் கிடைத்துவிடும். வீட்டுப்பாடமாக ஓர் ஆடி விடியலில் கார்த்திகையைப் பார்த்துவரச் சொல்லலாம். ஆண்டு 634-ஆ, அதற்கு முன்னா என்ற வழக்கு அதன் பிறகும் நடக்கட்டும். வைகை பாயாத, கண்மாய் நிறைவதை நம்பியே விதைக்கும் ஊர்களில் நிலம் வெம்பக்கூடாது என்ற வேண்டுதலுக்கு உரை தேவைப்படாது.